மூன்று கணக்கு, மூன்று விடை

கோவையில் நான் பணியாற்றும் சிறிய மென்பொருள் நிறுவனத்தை நூற்பாலை ஒன்று அணுகியது. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த நூல் இருப்பு, அனுப்புகைக் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித் தர வேண்டும், ஒரு வாரத்திற்குள் கொட்டேஷன் வேண்டும் என்றார்கள். ஒரே வேலைக்கு மூன்று முறைகளில் மதிப்பிட்டோம். முதல் முறை 12 ஆள்-மாதம் என்றது; ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலைதான் ஓர் ஆள்-மாதம். இரண்டாவது 15 என்றது. மூன்றாவது 20ஐ நெருங்கியது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடலாம் என்றார் எங்கள் மேலாளர். அப்படிச் செய்யாமல் விட்டதுதான் அந்த வாரத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் முறை, பழைய வேலையோடு ஒப்பிடுவது. பக்கத்துத் தெருவில் கட்டிய வீட்டுக்கு ஆன செலவைக் கேட்டு நம் வீட்டுக்குக் கணக்குப் போடுவதைப் போன்றது இது. முன்பு ஒரு பஞ்சு வணிகருக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்திருந்தோம்; அதற்கு 12 ஆள்-மாதம் ஆனது; இதுவும் அதே அளவுதான் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். இரண்டாவது முறையில், வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து, கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டு போனோம். இது நுணுக்கமாகத் தெரிவதால் நம்பிக்கை தரும்; ஆனால் பட்டியலில் எழுத மறந்த வேலைக்கு இந்த முறையில் செலவே கிடையாது.

மூன்றாவது, ஃபங்ஷன் பாயின்ட் முறை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஆலன் ஆல்பிரெக்ட் 1979இல் முன்வைத்த இந்த முறை, எத்தனை வரி நிரல் எழுதுவோம் என்பதை விட்டுவிட்டு, பயன்படுத்துபவரின் கண்ணுக்குத் தெரிவனவற்றை எண்ணுகிறது. சராசரிச் சிக்கல் உடைய உள்ளீடு ஒன்றுக்கு 4 புள்ளி, வெளியீட்டுக்கு 5, தேடிப் பார்க்கும் வினவலுக்கு 4, நாமே வைத்துக் காக்கும் தரவுத் தொகுதிக்கு 10, வெளி மென்பொருளிலிருந்து படிக்கும் தொகுதிக்கு 7. ஆலைக்கு 24 உள்ளீடுகள், 18 அறிக்கைகள், 12 வினவல்கள், 10 உள் தொகுதிகள், 3 வெளித் தொகுதிகள் என்று எண்ணினோம். 96, 90, 48, 100, 21 சேர்ந்து மொத்தம் 355 புள்ளிகள். எங்கள் பழைய வேலைகளில் ஓர் ஆள்-மாதத்திற்குச் சராசரியாக 18 புள்ளிகள் முடித்திருந்தோம். வகுத்தால் 19.7.

12க்கும் 20க்கும் நடுவே உள்ள அந்த எட்டு மாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியபோதுதான் வேலையே எங்களுக்குப் புரிந்தது. பஞ்சு வணிகரின் மென்பொருளில் ஆறு அறிக்கைகளே இருந்தன. இங்கே கவுன்ட் (நூலின் நுண்மை) வாரியாக, லாட் (ஒரே தொகுப்பாக வந்த நூல்) வாரியாக, முகவர் வாரியாகப் பதினெட்டு. லாரிகளை எடைபோடும் மேடையின் கருவியை மென்பொருளோடு இணைக்கும் எடைமேடை இணைப்பு அங்கே கிடையாது. துண்டுக் கணக்கின் 15க்கும் 20க்கும் உள்ள இடைவெளிக்குக் காரணம் வேறு: கூட்டங்கள், திருத்தங்கள், ஆலைக்குப் போய்வந்த நாட்கள் ஆகியவற்றை யாரும் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. 18 புள்ளி என்ற விகிதமோ பழைய வேலைகளுக்கு உண்மையில் ஆன மொத்தக் காலத்திலிருந்து வந்தது. ஆகவே மறந்துபோன வேலைகளும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன.

எடைமேடை இணைப்புக்கு எத்தனை நாள் என்பதைச் சீட்டு வைத்து முடிவுசெய்தோம். ஆளுக்கொருவர் தம் மதிப்பீடான நாள் எண் உள்ள சீட்டைத் தேர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். பெரியவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் வாய் அடைபட்டுவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. மூன்று பேர் 3 காட்டினார்கள். எங்களிடம் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஓர் இளைஞர் 13 காட்டினார். லாரி மேடையில் ஏறியதும் எடை நிலைபெறும் முன்பே கருவி எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் என்றும், இரண்டு வாயில்களிலும் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் இருப்பதைத் தான் பார்த்ததாகவும் அவர் சொன்னார். அடுத்த சுற்றில் எல்லோருமே 8 அல்லது 13 காட்டினோம்.

எந்த முறையிலும் சிக்காமல் நின்றது பழைய தரவை மாற்றும் வேலை. முடிந்த மென்பொருளின் செயல்களை மட்டுமே எண்ணியிருந்ததால் எங்கள் புள்ளிக் கணக்கில் அது வரவில்லை. இதற்கு, அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவான பெர்ட் என்ற திட்டமிடல் முறையின் மூன்று புள்ளி மதிப்பீட்டைப் பயன்படுத்தினோம்: எல்லாம் நன்றாக நடந்தால் 10 நாள், பெரும்பாலும் 15, மிக மோசமானால் 50. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 20 நாள் வருகிறது. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது அந்த 20ஐ அன்று. 10க்கும் 50க்கும் உள்ள தொலைவை. கோப்புகளைத் திறந்தே பாராதவர்கள் சொன்ன எண்கள் அவை.

நிரல் வரிகளின் எண்ணிக்கையிலிருந்து உழைப்பைக் கணக்கிட பாரி போம் 1981இல் வெளியிட்ட கோகோமோ வாய்பாட்டையும் ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். 20 ஆயிரம் வரிகள் என்று வைத்தால், எளிய வகைத் திட்டத்திற்கு 56 ஆள்-மாதம் என்கிறது. கடினமான வகை என்று மாற்றினால் அதே வரிகளுக்கு 131. எந்த வகை என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும், வரிகளின் எண்ணிக்கையோ எழுதி முடித்த பிறகுதான் தெரியும். 63 திட்டங்களின் தரவிலிருந்து பிறந்த அந்த வாய்பாடு எங்கள் அளவிலான வேலைக்குப் பொருந்தவில்லை. ஓர் ஆள்-மாதத்தை அது 152 மணி நேரமாக, அதாவது 19 வேலைநாளாகக் கொள்வதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுவரை நாங்கள் விடுப்புகளை மறந்துவிட்டு 22 என்று போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆலை முதலாளி, 'ஒரே ஒரு எண் சொல்லுங்கள் தம்பி, போதும்' என்றார். மென்பொருளுக்கு 20 ஆள்-மாதத்தின் தொகையை உறுதியாகக் குறித்து, சர்வர் வாடகை, 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனி வரிகளில் காட்டினோம். தரவு மாற்றத்துக்கு மட்டும் நாட்கணக்கில் கூலி, 10 முதல் 50 நாள் வரை ஆகலாம் என்று எழுதிக் கொடுத்தோம். அதைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் கணக்கர், 'அந்தக் கோப்புகள் எனக்கே பயம்தான்' என்று சொன்னதால் ஒப்புக்கொண்டார்.

மென்பொருள் 21 ஆள்-மாதம் எடுத்தது. ஒரு மாதம் எங்கள் கையைக் கடித்தது. தரவு மாற்றத்திற்கு 41 நாள் ஆயிற்று. ஒவ்வோர் ஏப்ரலிலும் லாட் எண்ணை 1இலிருந்து தொடங்கியிருந்தார்கள். ஆகவே பழைய கோப்புகளில் ஒரே லாட் எண் இருபது முறை இருந்தது. அந்த 41ஐ எங்கள் பதிவேட்டில் ஏற்றியாயிற்று; அடுத்த நூற்பாலை வந்து கேட்கும்போது முதல் கேள்வியாக லாட் எண்ணைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன்.