6 யூரோ ஹுமியாவுக்கு மதுரையில் இட்ட மதிப்பெண்

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி, சென்ற சித்திரையில் விடுப்பில் வந்தபோது, ஸ்பெயினின் வலென்சியாவில் தலா 6 யூரோவுக்கு வாங்கிய இரண்டு புட்டி சிவப்பு ஒயினைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்க வரியின்றி 2 லிட்டர் வரைதான் மது கொண்டுவரலாம் என்பதால், 750 மில்லி புட்டிகள் இரண்டோடு நிறுத்திக்கொண்டான். "விலை கம்மிதாண்ணே. ஆனா அந்த ஊர்க்காரங்க தினம் சாப்பாட்டோட குடிக்கிறது இதைத்தான்" என்றான். அன்றாடச் சாப்பாட்டுக்கான ஒயினை நம் வீட்டு அன்றாடச் சாப்பாட்டோடு வைத்துப் பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது.

முகப்புச் சீட்டில் ஹுமியா என்ற ஊர்ப் பெயரும், மொனாஸ்ட்ரெல் என்ற திராட்சையின் பெயரும், 14.5 சதவீத ஆல்கஹால் என்ற குறிப்பும் இருந்தன. ஹுமியா ஸ்பெயினின் தென்கிழக்கில், முர்சியா பகுதியில் உள்ளது. 1966 முதல், ஒயினுக்கு வைக்கும் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழைதான். கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயில். சுண்ணாம்பு கலந்த மண். பேரையூர், டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடுகளைப் போல அதுவும் மானாவாரி நிலம், வானம் பார்த்த பூமி. பந்தல் போடாமல் குத்துச்செடியாகவே வளர்க்கும் அந்தக் கொடிகள் கொஞ்சமாகக் காய்த்தாலும், பழம் சிறுத்து, தோல் தடித்து, சாறு செறிந்து விளைகிறது. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்த ஃபில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சி, ஹுமியாவுக்கு 1989இல்தான் வந்து சேர்ந்தது. வந்தபோது பெரும் சேதம் செய்தாலும், மணற்பாங்கான இடங்களில் ஒட்டுக் கட்டாத, சொந்த வேரில் நிற்கும் பழைய கொடிகள் இன்றும் தப்பி நிற்கின்றன. இத்தனை இருந்தும் இவ்வூர் ஒயின் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், நெடுங்காலம் அது பிற ஊர் ஒயின்களுக்கு நிறமும் வீரியமும் கூட்டுவதற்காக மொத்தமாக விற்கப்பட்டு வந்ததுதான். தன் பெயரில் மதிப்புத் தேடத் தொடங்கியது பிற்பாடு. எங்கள் புட்டியில் 'கிரியான்சா' என்ற சொல் இல்லை. ஸ்பெயினில் சிவப்பு ஒயின் அச்சொல்லைத் தாங்க வேண்டுமானால், குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்து, அதில் 6 மாதமாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ஆக, எங்களுடையது இளம் ஒயின்.

முதல் புட்டியில் நான் தவறு செய்தேன். அதை மாடி அறையின் இரும்பு பீரோவில் மூன்று வாரம் வைத்திருந்தேன். அக்னி நட்சத்திர நாள்கள் அவை. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று படித்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு, சுவர் வெப்பமானி 34 டிகிரி காட்டும் அறையில் திறந்தேன். தக்கை சற்றே மேலே தள்ளப்பட்டு, ஓரத்தில் ஒயின் கசிந்த கறை இருந்தது. கோப்பையில் ஊற்றியதும் பழ மணத்துக்கு முன்பாக ஆல்கஹால் மூக்கில் ஏறியது. வாயில், வெல்லப்பாகில் போட்டுக் கொதிக்கவைத்த உலர் திராட்சையின் சுவை. அடியில் வெறும் எரிச்சல். குறை பரிமாறிய சூட்டிலா, பீரோவிலா என்று தெரிந்துகொள்ள, மீதியை எவர்சில்வர் தூக்குவாளியில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் நிறுத்தி அரை மணி நேரம் கழித்துக் குடித்துப் பார்த்தேன். எரிச்சல் அடங்கியது, மணம் திரும்பி வரவில்லை. வெயில் அந்த ஒயினைச் சமைத்துவிட்டிருந்தது. அறை வெப்பநிலை என்ற அறிவுரை, குளிர்நாட்டுக் கல் வீடுகளின் 16, 18 டிகிரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் ஊருக்கு அதைச் சொல்லக் கூடாது. 20க்கு 10 இட்டேன். அந்தக் குறையில் பாதி என்னுடையது.

இரண்டாம் புட்டி முதல் நாளிலிருந்தே குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் படுத்திருந்தது. அதை எடுத்து வெளியே இருபது நிமிடம் வைத்து, 16 டிகிரிக்கு வந்திருக்கும் என்ற கணக்கில் திறந்தேன். ஒரே விலை, ஒரே ஆண்டு, ஒரே கடை. ஆனால் இது வேறு பானம். நிறம் நன்கு பழுத்த நாவற்பழச் சாற்றின் கருஞ்சிவப்பு. மணத்தில் முதலில் களாப்பழம், பிறகு பேரீச்சை, கோப்பையைச் சுழற்றியபின் தட்டிய மிளகும் மெல்லிய அதிமதுரமும். வாயில் புளிப்பு அளவோடு நின்றது. இந்த ஒயினின் உயிர் அதன் துவர்ப்பில் இருக்கிறது. ஆறு சுவையில் ஒன்றாகத் துவர்ப்பை வைத்துப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல: கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையைத் தோலோடும் விதையோடும் மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதுதான். அதைத் தருகிற டானின் என்னும் பொருள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது. இந்தப் புட்டியில் அது வாழைப்பூவின் முரட்டுத் துவர்ப்பாக இல்லாமல், பழுத்த நாவலின் துவர்ப்பாக மென்மையாக இருந்தது.

சாப்பாட்டோடு வைத்துப் பார்த்ததில் மட்டன் சுக்கா பொருந்தவில்லை. மிளகாயின் காரமும் 14.5 சதவீத ஆல்கஹாலும் ஒன்றையொன்று மூட்டிவிட்டு, தொண்டை வரை எரிந்தது. பழச் சுவை காணாமல் போனது. கோலா உருண்டை நேர்மாறாக அமைந்தது. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தாங்கிக்கொள்ள, உருண்டையில் இருந்த சோம்பும் பட்டையும் ஒயினின் அதிமதுர மணத்தைத் தூக்கிக் காட்டின. காரம் குறைத்து அரைத்த உருண்டை என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவி அன்றைக்கென்றே மிளகாய் வற்றலைப் பாதியாக்கியிருந்தாள்.

20க்கு 15 இட்டேன். நிறத்திலும் மணத்திலும் குறையில்லை. விழுங்கியபின் சுவை நீடிக்காமல் சட்டென்று மறைவதற்கு மூன்றும், முடிவில் லேசாகத் தலைகாட்டும் ஆல்கஹால் சூட்டுக்கு இரண்டும் கழித்தேன். 6 யூரோவுக்கு இதைவிட நேர்மையான ஒயினை நான் குடித்ததில்லை.

மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்துத் தக்கையடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். மறுநாள் மாலை திறந்தபோது மிளகு மணம் கூடியிருந்தது, துவர்ப்பு இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது. தம்பியும் நானும் வறுத்த நிலக்கடலையோடு அதைக் குடித்து முடித்தோம். அவன் 16 என்றான், நான் 15ஐ மாற்றவில்லை.