இறம்பொடை ஏற்றமும் சூட்டு முள்ளும்

ஜூலை 10, 2022

டீசல் தட்டுப்பாட்டில் வேன் ஓடுவது வடை பொரித்து மிஞ்சிய தேங்காய் எண்ணெயில். கம்பளையிலிருந்து புசல்லாவை வரை எஞ்சின் சூட்டு முள் நடுவில் அசையாமல் நின்றது. இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியர் போட்டதும் மேலே துள்ளியது. பாதி ஏற்றத்தில் டீசலுக்கு மாற்றியாயிற்று. லைனில் மிச்சமிருக்கும் எண்ணெய் எரிந்து தீர ஐந்து நிமிடமாவது வேண்டும்; லபுக்கலை வரை பொறுத்துப் பார்த்தும் முள் இறங்கவில்லை. அப்படியானால் எண்ணெயைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பக்கம்.

துள்ளி ஏறியது, மெதுவாக அல்ல. இதைக் குறித்து வைக்க வேண்டும்.

ஜூலை 11

"தேங்காய் எண்ணெய் சூடு கூட, எஞ்சினை எரிச்சிரும்." பார்க்கிற ஆளெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். லீற்றருக்கு லீற்றர் பார்த்தால் தாவர எண்ணெயில் டீசலை விட வெப்பம் குறைவு. ஆபத்து அதன் தடிப்பில்தான். 40 பாகையில் டீசலின் தடிப்பு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு), தேங்காய் எண்ணெய் 27 பக்கம். அப்படியே பம்புக்குப் போனால், எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டரில் புகையாகச் சிதறாது, துளியாக விழும். துளி பிந்தி எரியும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சருக்கும் தண்ணீருக்கும் போகும். 75 பாகைக்குச் சூடாக்கினால் தடிப்பு 10 அளவுக்கு இறங்கும். சூடாக்கும் தட்டு பூட்டுவது அதற்காகத்தான்.

ஜூலை 12

ரேடியேட்டர் மூடி. கீழ் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது. கொழும்பில் இதோடு ஓடலாம், இங்கே முடியாது. நுவரெலியா 1868 மீற்றர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் 115 வரை தாங்கும். மூடி பிடிக்காவிட்டால் அந்த இருபது பாகையும் போச்சு. புது மூடி வாங்கும்போது மேலே அச்சிட்ட எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கூட இருந்தால் நல்லது என்று 1.1 போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கலாம்.

ஃபேன் பெல்ட் விரலால் அழுத்த ஒரு சென்டிமீற்றர் இறங்குகிறது. சரி. ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் தேயிலைத் தூசும் பூச்சியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய தண்ணீரில் கழுவ வேண்டும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷரில் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஜூலை 13

போயா, பௌர்ணமி விடுமுறை. ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்விட்டாராம். வாளியில் எண்ணெய் இன்னும் தெளியவில்லை.

ஜூலை 15

தட்டைப் பற்றியே யோசனை. தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து எண்ணெய்க்குக் கொடுக்கிற சாமான், எப்படி எஞ்சினைச் சூடாக்கும்? கணக்குப் பார்த்தால் அது எடுக்கும் சூடு மிகக் கொஞ்சம். மணிக்கு 10 லீற்றர் எண்ணெய், 25 பாகையிலிருந்து 75 வரை: 300 வாட் கூட வராது. எஞ்சின் தண்ணீரில் கொட்டுவதோ பத்துக் கணக்கில் கிலோவாட். ஆகவே தட்டு சூட்டைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அது கெடுப்பது தண்ணீரின் ஓட்டத்தை. ஹீட்டர் ஹோஸை வெட்டித் தட்டைச் சேர்த்திருக்கிறது; தட்டு இருப்பது முன் சீட்டுக்குக் கீழே, ரேடியேட்டர் மூடியை விட நான்கு விரல் உயரத்தில். மேலே ஏறிய காற்றுக்கு வெளியே போக வழி கிடையாது.

கையால் தொட்டுப் பார்த்தாயிற்று. போகும் ஹோஸ் சுடுகிறது, திரும்பும் ஹோஸ் பச்சைத் தண்ணீர் மாதிரி. காற்று அடைத்தேதான் இருக்கிறது. சூட்டு சென்சர் ஒரு நேரம் தண்ணீரில், ஒரு நேரம் ஆவியில். முள் துள்ளுவது அதனால்.

ஜூலை 17

எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் பதிவு தொடங்கியிருக்கிறது. டீசல் ஸ்டார்ட்டுக்கும், நிறுத்துமுன் லைனைக் கழுவவும் மட்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது: எண்ணெயோடு நிறுத்திவிட்டால் இந்தக் குளிரில் காலையில் பம்ப் முழுக்க வெள்ளை மெழுகு. தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உறையும்.

ஜூலை 19

கராஜ் பாஸ்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிருங்க தம்பி, மலைக்குத் தேவையில்ல."

தேவை. தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு. ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் பைபாஸ் வழி உள்ள எஞ்சினில் அது திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குள் சுற்றும். ஏற்றத்தில் இன்னும் சூடாகும், இறக்கத்தில் அளவுக்கு மேல் குளிரும். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் ஒழுங்காக எரியாது. நூலில் கட்டிப் பானையில் தொங்கவிட்டோம். 82 என்று அச்சிட்டது 83இல் திறக்கத் தொடங்கியது. நல்ல சாமான். திரும்பப் பூட்டும்போது சிறு ஊசி வால்வு மேல் பக்கம் வர வேண்டும், காற்று தப்புவது அதன் வழியாக.

ஜூலை 20

தட்டைக் கீழே இறக்கியாயிற்று, மூடி மட்டத்துக்குக் கீழ். திரும்பும் ஹோஸின் உயர்ந்த இடத்தில் T வடிவ இணைப்புத் துண்டு ஒன்று, அதில் காற்றை வெளியே விடும் திருகு. வேன் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, பீலித் தண்ணீர் வேண்டாம் என்று பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றி, ஸ்டார்ட். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். திருகிலிருந்து முதலில் சீறல், பிறகு நுரை, பிறகு கம்பி மாதிரி தண்ணீர். முக்கால் லீற்றருக்கு மேல் உள்ளே போனது. அவ்வளவு காற்று.

ஜூலை 21

காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடி திறந்து பார்த்தால் ஒரு குமிழி. ஒன்றுதான். மீதிக் காற்றா, எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போய்விட்டதா?

ஜூலை 22

குமிழி இல்லை. கேஸ்கட் போயிருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டிலேயே ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகும், குமிழி நிற்காமல் வரும். ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது.

ஜூலை 24

இறம்பொடை. துள்ளல் இல்லை. ஆனால் மெதுவாக ஏறுகிறது, எண்ணெயில் மட்டும், நீண்ட ஏற்றத்தில் மட்டும். டீசலுக்கு மாற்றிச் சற்று நேரத்தில் இறங்கிவிட்டது. கருப்புப் புகையும் உண்டு. 10ஆம் திகதி சொன்னதற்கு நேர் எதிர். இரண்டு நோய் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்திருக்கிறது. இனி எண்ணெய்ப் பக்கம்.

ஜூலை 25

ஃபில்டர் அடைப்பு. உள்ளே வெள்ளை மெழுகும், வடை எண்ணெயின் கருப்புத் தூளும். இந்த வேனில் உள்ளது போன்ற சுழல் இன்ஜெக்டர் பம்பில் ஃபில்டர் அடைத்தால் பவர் குறைவதோடு நிற்காது. பம்பின் உள்ளழுத்தம்தான் டைமிங்கை, அதாவது எண்ணெய் பீச்சும் நேரத்தை, முன்னே தள்ளுவது. அழுத்தம் குறைந்தால் டைமிங் பிந்தும், பிந்தினால் சூடு. ஃபில்டரைச் சூடான ஹோஸோடு சேர்த்துக் கட்டி, மேலே பழைய கம்பளித் துணி.

எண்ணெய் எடுக்கும் முறையும் மாற வேண்டும். 60 பாகைக்குச் சூடாக்கி ஒரு இரவு வைத்து, அடியில் நிற்பதைக் கொட்டிவிட்டு, மேலே உள்ளதை 5 மைக்ரோன் ஃபில்டரில், பிறகு 1 மைக்ரோன் ஃபில்டரில் வடிக்க வேண்டும். ஒரு கரண்டி சட்டியில் காய்ச்சும்போது படபடவென்றால் தண்ணீர் இருக்கிறது, டேங்கில் ஊற்றக் கூடாது. டேங்குக்குள் செம்புச் சுருள் வைக்கலாம் என்று ஒருவர் ஆசை காட்டினார். செம்பு பட்ட எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். வேண்டாம்.

ஜூலை 27

டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஒயில் மட்டம் கூடியிருக்கிறது. எரியாத எண்ணெய் ரிங் வழியாகக் கீழே இறங்குகிறது. விரலில் இழுத்தால் இன்னும் நூல் விடவில்லை. நூல் விட்டால் ஒயில் பம்பே அடைத்துவிடும். மாற்றியாயிற்று. இனி 5000 கிலோமீற்றர் என்ற பேச்சே வேண்டாம், பாதி.

ஜூலை 29

ஃபில்டர் மாற்றியதில் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இல்லை. இன்ஜெக்டர்கள் கழற்றியாயிற்று. இரண்டின் மூக்கில் கரி, பூ விரிந்தது போல். பித்தளைத் தூரிகையால்தான் தேய்க்கலாம், இரும்பு பட்டால் துளை கெடும். கைப் பம்பில் பார்த்தால் ஒன்று சிதறுகிறது, மூன்றாவது சொட்டுகிறது. அடியில் போகும் வொஷர் எல்லாம் புதிதாக வேண்டும், பழையதை இறுக்கினால் நெருப்பு கசியும்.

ஜூலை 30

கம்பளையில் நாசில் (இன்ஜெக்டரின் மூக்கு) இல்லை. கண்டியில் இரண்டு இருக்கிறதாம். வேண்டியது நான்கு.