ஒரே விம்ஆர்சி, மூன்று கணினிகள்

தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் நிரல் எழுதுகிறவர்கள் பலருக்கு ஒரு கணினியோடு வேலை முடிவதில்லை. அலுவலக லேப்டாப்பில் விண்டோஸ், வீட்டில் உபுண்டு, எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழையும் சர்வரில் விஐ என்ற வெறும் எளிய உரைத்தொகுப்பி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்ததுபோல ஒரு மழை வந்தால், லேப்டாப் அலுவலக மேசையிலேயே தங்கிவிடும். விம் உரைத்தொகுப்பியின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் பல ஆண்டுகளாகச் சேர்த்தவையும் அதற்குள்தான் இருக்கும்.

மூன்று கணினிகளுக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியமும், கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் சிம்லிங்க்குமே போதும். கோப்புகளை ஒரு கோப்புறையில் வைத்து, ஹோம் கோப்புறையிலிருந்து அங்கே இணைப்புக் கொடுக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும்போது முழுப் பாதையைத் தருவது முக்கியம். சார்புப் பாதை தந்தால், அது நாம் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். கட்டளை பிழையில்லாமல் முடிந்துவிடும், இணைப்பு மட்டும் எங்கும் போய்ச் சேராது. விண்டோஸில் டெவலப்பர் மோட் இயக்கப்படாமல் சாதாரணப் பயனரால் சிம்லிங்க் உருவாக்க முடியாது. அங்கே விம்ஆர்சியில் ஒரே வரி எழுதி, களஞ்சியத்திலுள்ள கோப்பை சோர்ஸ் செய்வது, அதாவது படித்து இயக்கச் சொல்வது, எளிது.

விண்டோஸிலிருந்து வரும் இன்னொரு தொல்லை வரிமுடிவு. கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு அங்கே ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிஆர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும். அந்தக் கோப்பை அப்படியே லினக்ஸுக்கு எடுத்துப் போனால், விம் திறந்ததும் வரிக்கு வரி 'இது கட்டளையல்ல' என்னும் ஈ492 பிழை கொட்டும். களஞ்சியத்தின் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரிமுடிவு லினக்ஸின் எல்எஃப்தான் என்று எழுதிவிட்டால் பிரச்சினை வேரோடு போகும்.

கணினிக்குக் கணினி மாறுபவை, அதாவது எழுத்துரு அளவு, ப்ராக்ஸி முகவரி, வேலைக் கோப்புறை ஆகியவை, பொதுக் கோப்பில் இருக்கவே கூடாது. அவற்றை விம்ஆர்சி லோக்கல் என்ற தனிக் கோப்பில் வைத்து, கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிட்டு, அந்தக் கோப்பு இருந்தால் மட்டும் படிக்கச் சொல்ல வேண்டும். டோக்கன் என்ற அணுகல் சாவியோ கடவுச்சொல்லோ தவறிப்போய் கமிட் ஆகி, அதாவது களஞ்சியத்தில் பதிவாகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். அந்த டோக்கனையே ரத்துசெய்து புதிது வாங்க வேண்டும்.

சர்வரில் விஐ என்று இருப்பது பெரும்பாலும் விம் டைனி என்ற சிறு பதிப்பு. நிபந்தனை, ஃபங்ஷன் போன்றவற்றை இயக்கும் ஈவால் வசதி இல்லாத அந்தப் பதிப்பு, இஃப் முதல் எண்டிஃப் வரை உள்ளதைப் படிக்காமல் தாண்டிவிடும். எனவே ப்ளக்இன், ஃபங்ஷன் எல்லாவற்றையும் 'இஃப் 1' என்ற கட்டுக்குள் வைத்தால், அதே கோப்பு அங்கும் சத்தமில்லாமல் திறக்கும். செய்த மாற்றங்களைப் பின்னோக்கி மீட்பதற்கான தகவல் சேரும் அன்டூ கோப்புறையை விம் தானாக உருவாக்காது. புதுக் கணினியில் அதையும் மறக்காமல் உருவாக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் களஞ்சியத்தால் கிடைக்கும் பெரிய லாபம் விசைப்பலகை. இயங்குதளத்தின் தமிழ்99 விசைப்பலகையில் எழுதி எஸ்கேப் தட்டினால், அடுத்து வரும் கட்டளையும் தமிழ் எழுத்தாகவே போகும், விம்முக்கு அது புரியாது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் விம்மின் சொந்தக் கீமேப்பில் இந்தச் சிக்கல் இல்லை. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும், கன்ட்ரோலோடு 6 அழுத்தினால் மாறும். ஐஎம்இன்சர்ட் என்ற விம் அமைப்பை 0 ஆக வைத்தால் ஆங்கிலத்தில் தொடங்கும். எச் விசைக்கு க, அதோடு கியூ சேர்ந்தால் கா என்று 18 மெய்களுக்கும் புள்ளியோடு சேர்த்துப் பதிமூன்று பதிமூன்றாக 234 வரிகள் வரும். கையால் தட்டாமல் சிறு பைத்தான் நிரலில் உருவாக்குவது நல்லது.

ஒரே மெய்யை இருமுறை தட்டினால் தானாகப் புள்ளி விழும் வசதியைச் சேர்க்கும்போதுதான் சறுக்கும். எச் எச் என்றால் க்க என்று மட்டும் எழுதினால், அடுத்த கியூ தனி ஆவாக விழுந்து 'க்கஆ' என்று வரும். மூன்று விசைச் சேர்க்கைகளையும் எழுத வேண்டும், அல்லது எஃப் விசையால் புள்ளியைக் கையாலேயே இட வேண்டும். பின்னதே சிக்கனம். இந்தக் கீமேப் கோப்பு களஞ்சியத்தோடு போய்விடுவதால், புது மென்பொருள் நிறுவ அனுமதி கிடைக்காத அலுவலக லேப்டாப்பிலும் தமிழ் எழுதலாம்.