பத்திரத்தில் ஏறாத வாய்க்கால்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எனப் போகும் மேல்மலைச் சாலையில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும், இப்போது பூண்டு விலைக்கு முன்னால் சென்ட் விலைதான் காதில் விழுகிறது. நான் இந்த மலையில் பிறந்தவன். நிலத்தை விற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் விலை போகாத ஆண்டில், மிச்சத்தைக் காட்டுமாடு மேய்ந்துவிட்டுப் போன பிறகு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு எதை விற்பது? என் கவலையெல்லாம் கிரயப் பத்திரத்தில் எழுதப்படாமல் போகும் இரண்டைப் பற்றியது: தண்ணீரும் பாதையும்.

எங்கள் நிலங்கள் சரிவில் அடுக்கடுக்காக இறங்குகின்றன. மேலே உள்ள ஊற்றிலிருந்து வரும் வாய்க்கால் ஒருவர் தோட்டத்தின் ஓரமாக இறங்கி அடுத்தவருக்குப் போகும். யாருக்கு எந்த நாள் முறை என்பதை ஊரே அறியும். விளைச்சலைப் பொதிக்குதிரை ஏற்றிச் செல்லும் தடமும் அப்படித்தான். தாத்தா காலத்திலிருந்து இவை வாய்ச்சொல்லில் நடந்து வந்ததால், எழுதி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு மேலே இருந்த நாற்பது சென்ட் கைமாறியது. வாங்கியவர் சுற்றிலும் கம்பி வேலி போட்டு, இரண்டு காட்டேஜ் கட்டி, ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தம் தொட்டிக்குக் கொண்டுபோனார். மாசி மாதம், பூண்டு கிழங்கு பிடிக்கும் நேரம். வாய்க்கால் கல்லில் எப்போதும் பச்சையாக ஒட்டியிருக்கும் பாசி பழுப்பேறி, விரல் பட்டால் செதில் செதிலாக உரிந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அது. அந்தப் போகம் எங்களுக்குக் கோலிக்குண்டு அளவில்தான் தேறியது. வேலியருகே வந்து நின்ற குதிரை, பழகிய தடத்தை விட்டுத் திரும்ப மறுத்து வெகுநேரம் அங்கேயே நின்றது.

பேசப் போனபோது அவர் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். சர்வே எண், பட்டா எண், நான்கு எல்லை எல்லாம் இருந்தன. வாய்க்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் எங்களை ஏமாற்றவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தின் வழியே தடையின்றி இருபது ஆண்டுகள் உரிமையாக அனுபவித்து வந்த பாதைக்கும் நீருக்கும் பாத்தியம் கோரலாம். ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1990-இல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் கட்டடத்தைப் பார்க்கிறது. 2016-இல் வந்த தடை அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவைப் பார்க்கிறது. 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் மலையேறும் வண்டிகளை எண்ணுகிறது. இவை எல்லாமே தேவைதான். ஆனால் ஒரு முழ அகல வாய்க்கால் இவற்றில் எதன் கண்ணிலும் படாது. புல வரைபடத்தில்கூட எங்கள் வாய்க்காலுக்குக் கோடு இல்லை.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி, வேலியில் ஒரு திட்டிவாசலும் இரவு நேரத் தண்ணீரும் வாங்கித் தந்தார்கள். அது அவருடைய நல்ல மனத்தால் கிடைத்தது. அவர் விற்றுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டும்.

அதனால்தான் போன மாதம் சித்தப்பா தம் இருபத்தைந்து சென்டை விற்றபோது நான் விடாப்பிடியாக நின்றேன். பத்திர எழுத்தர், வழக்கமான உரிமைகள் என்ற பொருளில், "மாமூல் பாத்தியங்கள்னு பொதுவா போட்டா போதும் தம்பி" என்றார். போதாது என்றேன். வடக்கு ஓரமாகச் செல்லும் வாய்க்காலில் கீழ்த் தோட்டத்தார் நீர் கொண்டுபோகும் பாத்தியத்தையும், கிழக்கு ஓரத்தில் ஆறடி அகலத்துக்கு ஆளும் குதிரையும் போகும் பாதையையும் அளவோடு எழுத வைத்தோம். வாங்குபவர் மதுரைக்காரர். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் இடத்தை நேரில் காட்டச் சொன்னார். மறுநாள் காலைப் பனியில், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு என்னோடு ஊற்றுவரை ஏறி வந்தார். தண்ணீர் பிரியும் இடத்தில் நின்று, "இந்த இருபத்தஞ்சு சென்டுக்கு எந்தக் கிழமை முறை?" என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.