லொக் என்ன சொல்கிறது, தம்பி?

சேர்வர் நிர்வாகம் என்றால் கட்டளைகளை மனப்பாடம் செய்வது என்ற எண்ணத்தோடுதான் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தது வாசிப்பு. லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தில் ஓடும் சேர்வர் தனக்கு நேர்வதையெல்லாம் ‘லொக்’ எனப்படும் பதிவுக் கோப்புகளில் ஓயாமல் எழுதிவைத்துக்கொண்டே இருக்கிறது. எழுதியது போதவில்லையா, அதன் மூலநிரலையே திறந்து பார்க்கலாம். தலைநகரிலிருந்து தொலைவில் இருந்துகொண்டு, பெரிய பயிற்சி நிலையமோ விலையுயர்ந்த உதவி ஒப்பந்தமோ இல்லாமல் தொழில் பழகிய எனக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறு கிடைத்திராது.

எங்கள் அலுவலகம் திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகில் இருந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருளும், நகரத்துக் கடைகளுக்கு இருப்புக் கணக்கும் பற்றுச்சீட்டும் கவனிக்கும் மென்பொருளும் வழங்கினோம். எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவிய சேர்வர்களில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மேல் ஓடின. 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் இன்றுவரை தன்னார்வலர்களின் கையில்தான் இருக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை என்பது சிறிய நிறுவனத்துக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனாலும் அதன் ஆவணங்கள்தான் என்னை ஈர்த்தன. ஒவ்வொரு கட்டளைக்கும் கையேட்டுப் பக்கம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. இணைய இணைப்பு அறுந்த நாளிலும் அதை வாசிக்கலாம்.

என் மேலாளர் கிண்ணியாக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் அலுவலகம் முழுவதும் அவரை நானா (அண்ணன்) என்றே அழைத்தது. என்ன பிரச்சினையைக் கொண்டுபோனாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்வி: “லொக் என்ன சொல்கிறது, தம்பி?” பதில் இல்லாமல் நின்றால் மறுபேச்சில்லாமல் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். ஆரம்பத்தில் இது கடுமையாகத் தெரிந்தது. அதைவிட நல்ல கற்பித்தல் முறையை நான் இன்னும் காணவில்லை.

ஒரு காலை, பற்றுச்சீட்டு எதுவும் பதிவாகவில்லை என்று விடுதி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தரவுத்தளத்தின் லொக்கில் இடம் தீர்ந்துவிட்டது என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்திருந்தது. டிஎஃப் கட்டளை வன்தட்டு முழுவதும் நிரம்பிவிட்டதாகக் காட்டியது. டியூ கட்டளையால் கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மீதி இடத்தை எது பிடித்திருக்கிறது? நானாவிடம் போனேன். லொக் சொன்னதைச் சொன்னேன், இரண்டு கட்டளைகளும் முரண்படுவதையும் சொன்னேன். கோப்பை அழிக்க நிரல்கள் பயன்படுத்தும் அன்லிங்க் என்ற கணினி அழைப்பின் கையேட்டுப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

விடை அங்கே இருந்தது. லினக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அடைவு எனப்படும் கோப்புப் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குவதுதான். ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வன்தட்டிலேயே இருக்கும். கடைசி நிரலும் அதை மூடிய பிறகுதான் இடம் விடுபடும். பெயர்களைப் பின்பற்றிக் கணக்கிடும் டியூவுக்கு அந்தக் கோப்பு தெரியாது. கோப்பு முறைமையிடமே கேட்கும் டிஎஃபுக்குத் தெரியும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் தேடியபோது, அறிக்கைகள் தயாரிக்கும் ஒரு சேவை, முன்பே அழிக்கப்பட்ட பெரிய லொக் கோப்பு ஒன்றில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கியதும் இடம் திரும்பிவந்தது. தீர்வுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். அதன் காரணம் புரிந்ததுதான் என்னை இந்தத் தொழிலில் நிலைநிறுத்தியது. கோப்பு, பெயர், நிரல் மூன்றுக்கும் இடையிலான உறவு அன்று தெளிந்ததால், பிறகு வந்த எத்தனையோ சிக்கல்கள் அரைவாசி தீர்ந்த நிலையிலேயே என் மேசைக்கு வந்தன.

கடலோர ஊரின் தொல்லைகளும் உண்டு. உப்புக்காற்று நினைவகச் சில்லுகளின் தொடுமுனைகளை அரிக்கும். சேர்வர் அறையின் சன்னலைக் காற்றுக்காகத் திறக்கும் பழக்கத்தை நிறுத்துவதே பெரும் போராட்டமாக இருந்தது.

2022இல் மின்வெட்டு எல்லாவற்றையும் மீறியது. அந்த ஆண்டு மார்ச் மாத முடிவில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கி இருந்தது, டீசலுக்குத்தான் வரிசை. மின்சாரம் நின்றதும் கைகொடுக்கும் யுபிஎஸ் சாதனத்தின் மின்கலம் தாங்கும் சிறிது நேரத்துக்குள் சேர்வர் தானாகவே ஒழுங்காக அணைந்துவிட வேண்டும். நெட்வேர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற திறந்தமூல மென்பொருள் யுபிஎஸ்ஸோடு பேசி, மின்கலம் தாழ்ந்ததும் சேர்வரை முறையாக நிறுத்தும். அப்படியும் சடுதியாக அணைந்தால்? போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் தரவுக் கோப்பில் பதிக்கும் முன்பு தனியொரு குறிப்பேட்டில் எழுதி, அது வன்தட்டில் இறங்கியதை உறுதிசெய்த பிறகே ‘முடிந்தது’ என்று பதில் தருகிறது. மீண்டும் எழும்போது அந்தக் குறிப்பேட்டை வாசித்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வேகத்துக்காக அந்த உறுதிசெய்தலை நிறுத்திவிடலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அது பொறுப்பற்ற ஆலோசனை என்பதே என் உறுதியான கருத்து.

வாசிப்பவர்கள் உலகையே காப்பாற்றிய சம்பவமும் என் பணிக்காலத்தில் நடந்தது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், டெபியனின் சோதனைப் பதிப்பு ஒன்றில் தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அதை விடாமல் துருவியதில், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு மறைத்துவைத்த கள்ளவழி வெளிப்பட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை; எங்கள் சேர்வர்கள் தப்பின. மூலநிரல் யாருக்கும் காட்டாமல் மூடப்பட்டிருந்தால் அந்த அரை வினாடியைக் கவனித்தவரும் அதற்கு மேல் போயிருக்க முடியாது.

இப்போது என்னோடு ஓர் இளம் பெண் வேலை செய்கிறார். ஒரு வணிகரின் பழைய கணக்குகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் பணியை அவருக்குக் கொடுத்திருந்தேன். “அண்ணா, 2005இல் காலை 8 மணிக்குப் போட்ட பற்றுச்சீட்டு உலகப் பொது நேரத்தில் 2.00 என்று பதிவாகிறது. 2007இல் அதே 8 மணி 2.30 ஆகிறது. அரை மணி நேரம் பிழைக்கிறது, திருத்தட்டுமா?” என்று கேட்டார். நேர வலயக் கோப்பை விரித்துப் பார்க்கச் சொன்னேன்.

கொழும்பு நேரத்தின் வரலாறு முழுவதும் அந்தக் கோப்பில் இருக்கிறது. 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் உலகப் பொது நேரத்திலிருந்து பழைய ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்குத் திரும்பியது. இன்னும் மேலே போனால் 1942 ஜனவரியிலும் செப்டம்பரிலும் செய்த போர்க்கால மாற்றங்களும் பதிந்திருக்கின்றன. அந்த ஆண்டு ஏப்ரல் 9இல்தான் இந்தத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. எங்கள் ஊர் வாழ்ந்த நேரத்தையெல்லாம் எங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் தேடித் தொகுத்து, உலகத்தின் எல்லா லினக்ஸ் சேர்வர்களிலும் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

அவர் நெடுநேரம் அந்தக் கோப்போடு இருந்தார். பிறகு 1996க்கு முந்திய சில பற்றுச்சீட்டுகளை எடுத்துத் தானே சோதித்தார்; அவை 2.30 என்றே வந்தன. தரவில் எதையும் திருத்த வேண்டாம் என்று முடிவுசெய்து, காரணத்தையும் மூன்று தேதிகளையும் தரவை மாற்றும் நிரலின் தலைப்பில் குறிப்பாக எழுதிவைத்தார். பழைய தரவுகளை மாற்றும் வேலை முழுவதையும் அன்றே அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.