ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில் எங்கள் ஊர்

தாத்தா பிறந்த வருஷம் தெரிய வேண்டியிருந்தது. அரசாங்கப் பதிவில் பெயரே இல்லை. யார் யாருக்கு எப்போது ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று எழுதிவைக்கும் கத்தோலிக்கக் கோயில் புத்தகத்தைப் பார் என்று அப்பாதான் சொன்னார்.

எந்தக் கோயில் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. சிவகங்கைப் பக்கம், கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் சின்ன ஊர் எங்களுடையது. தனிப் பங்கு, அதாவது தனக்கென்று சாமியார் உள்ள கோயில் வட்டாரம், ஆவதற்கு முன் வேறொரு பங்கின் கிளைக்கிராமமாக இருந்ததால் பழைய பதிவெல்லாம் அந்தத் தாய்ப்பங்கில் இருந்தது. பல பங்குகள் சேர்ந்து ஓர் ஆயரின் கீழ் இருப்பது மறைமாவட்டம்; சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. 1938 வரை மதுரையே திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. இதைக் கேட்டு மலைக்க வேண்டாம், பங்கைப் பிடித்தால் போதும்.

எங்கள் பங்குச்சாமியாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு தாய்ப்பங்குக்குப் போனேன். போட்டோ எடுக்கக் கூடாது, பென்சிலால் குறித்துக்கொள்ளலாம் என்றார்கள். தத்துப்பிள்ளை, தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்று குடும்பங்களின் அந்தரங்கம் கிடக்கிற புத்தகம் அது. அந்தக் கட்டுப்பாடு சரிதான்.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். ராயப்பனை பேத்ருஸ் என்றும், சின்னப்பனை பவுலுஸ் என்றும், அருளப்பனை யோவான்னெஸ் என்றும் தேட வேண்டும். ஒரே பெயரில் பலர் வருவதால் தாய், தகப்பன் பெயரோடு, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். எனக்குத் தாத்தாவை அடையாளம் காட்டியது ஞானத்தாய் பெயர்தான்.

தேடியது கிடைத்த பிறகும் எழுந்து வர மனமில்லை. ஒரே தேதியில் வரிசையாகப் பல குழந்தைகள். சாமியார் ஊருக்கு வந்த நாள் அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துப் பக்கங்களில், சாகும் தறுவாயில் சாமியாருக்குப் பதிலாக ஊரில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

அப்புறம் ஓரக்குறிப்புகள். ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்ற திருச்சபைச் சட்டம் 1908-இல் நடப்புக்கு வந்தது. அதனால் எங்கள் ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் ரங்கூன், பினாங்கு, கண்டி என்று எழுதியிருக்கிறது. கண்மாய் வறண்டால் சனம் கப்பலேறும் என்று பாட்டி சொன்னது வெறும் பேச்சில்லை. யார் யார் போனார்கள் என்று வீடு வீடாகச் சொல்ல முடிகிறது.

இப்போது இறப்புப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். கப்பலேறியவர்களில் ஊருக்குத் திரும்பி வந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர்கள் யார் என்று தெரிய வேண்டும்.