குயில், 192.168.1.20

மார்ச் 2

புது வீட்டுக்குச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. இணைய இணைப்புக்கு ஒரு வாரம் ஆகுமாம். ரவுட்டரை மட்டும் மாட்டி வைத்தேன். வெளியே போக வழி இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் இருக்கிற மெஷின்களாவது ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 3

நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட சுடோ போட்டால் பத்து விநாடி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும்.

மார்ச் 3, இரவு

பிடித்துவிட்டேன். வந்த அன்றே லேப்டாப்புக்குப் புதுப் பெயர் வைத்தேன். மெஷினின் பெயர் இருக்கும் ஹோஸ்ட்நேம் கோப்பில் மாற்றிவிட்டு, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மாற்ற மறந்திருக்கிறேன். அங்கே மெஷின் தன்னையே குறிக்கும் 127.0.1.1 என்ற எண்ணுக்கு எதிரே பழைய பெயரே கிடக்கிறது. தன் பெயருக்கு முகவரி என்ன என்று மெஷின் தன்னிடமே கேட்கிறது, கோப்பில் இல்லை. அதனால் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் போகிறது. அது வெளியே எங்கோ இருக்கிறது, வெளியே போகத்தான் வழி இல்லையே. ஐந்து விநாடி காத்திருந்து பார்க்கிறது, பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டு இன்னும் ஐந்து விநாடி. அப்புறம்தான் கைவிடுகிறது. இரண்டு முயற்சி, முயற்சிக்கு ஐந்து விநாடி. இந்தத் தேடலின் அமைப்புகள் இருக்கும் ரிசால்வ் கோப்பில் யாரும் எதுவும் மாற்றி எழுதாதவரை அதுதான் கணக்கு.

ஒரு சொல்லைத் திருத்தினேன். உடனே ஓடுகிறது.

திருத்தும்போது கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது.

192.168.1.20 குயில் # அண்ணன் மெஷின்

சேமித்துவிட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 4

அம்மா இன்று நன்றாகத் தூங்கினாள்.

மார்ச் 5

குயில் என்று பிங் செய்தேன். இருக்கிறாயா என்று தட்டிப் பார்ப்பதுதான் பிங். பெயர் உடனே முகவரியாக மாறியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த முகவரியில் யாரும் இல்லை என்று என் மெஷினே சொல்லிக்கொண்டிருந்தது. இருக்காது என்று தெரிந்துதான் செய்தேன்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதற்குக் காலாவதி கிடையாது. டிஎன்எஸ் தரும் பதிலோடு இத்தனை விநாடிக்குத்தான் இது செல்லும் என்ற கணக்கும் சேர்ந்து வரும், அது தீர்ந்தால் மறுபடி கேட்டாக வேண்டும். இந்தக் கோப்பில் எழுதியது எழுதியதுதான். கை வைத்து அழிக்கிற வரை அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 5, பின்னிரவு 2:10

பேக்கப் தோற்றுப்போனதாக அறிவிப்பு. தினமும் இரண்டு மணிக்கு குயிலுக்குப் போகிற பேக்கப். நிறுத்தவில்லை.

மார்ச் 6

சித்தப்பா மகள் போன் செய்தாள். அவள் அலுவலகத்தில் ஒரு சர்வரின் பெயர் டிக் கட்டளையில் ஒரு முகவரி காட்டுகிறதாம், பிரவுசர் வேறு இடத்துக்குப் போகிறதாம். "எது பொய் சொல்லுது?" என்றாள். இரண்டுமே இல்லை. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும், ஹோஸ்ட்ஸ் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது. மற்ற புரோகிராம்கள் சி லைப்ரரி என்ற பொதுவான நிரல் தொகுப்பு வழியாகக் கேட்கும். அந்த லைப்ரரி என்எஸ்எஸ்விட்ச் கோப்பில் 'ஹோஸ்ட்ஸ்' என்று தொடங்கும் வரியைப் படித்து, அதில் உள்ள வரிசைப்படி போகும். பெரும்பாலும் முதலில் 'ஃபைல்ஸ்', அதாவது ஹோஸ்ட்ஸ் கோப்பு, கடைசியில் 'டிஎன்எஸ்'. அதே வழியில் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கெட்என்ட் கட்டளை போடச் சொன்னேன். யாரோ எப்போதோ ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அழித்ததும் சரியாகிவிட்டது என்றாள். "பழைய வரியை யாராவது இப்படி வைத்திருப்பாங்களா?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7

இணையம் வரவில்லை. நாளையாம்.

மார்ச் 8

இன்னும் கை நடுங்குகிறது.

மாலை ஏதோ நினைவில் மறுபடி குயில் என்று பிங் செய்தேன். பதில் வந்தது. 64 பைட், 192.168.1.20, 2 மில்லி விநாடி. அடுத்தது. அடுத்தது. நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் அண்ணன் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக் கதவைத் திறந்தேன். பெட்டிகள் ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் எண்களைச் சரியாகப் பார்த்தேன். டிடிஎல் 255. பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண் அது. குயில் லினக்ஸ், அங்கிருந்து எப்போதும் 64 என்றுதான் வரும். இன்னொரு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போட்டால் இணைப்பு மறுக்கப்பட்டது. அண்டை மெஷின்களின் பட்டியலில் 20-க்கு எதிரே இருந்த வன்பொருள் முகவரியைப் பார்த்தேன். அதன் முதல் மூன்று பைட் தயாரித்தவரைச் சொல்லும். பிரிண்டர். மதியம் நான் மாட்டிய பிரிண்டர்.

பழைய வீட்டு ரவுட்டரில் 20 என்ற எண்ணை குயிலுக்கென்று அண்ணன் ஒதுக்கி வைத்திருந்தான். புது ரவுட்டருக்கு அது தெரியாது. காலியாக இருந்த எண்ணை, கேட்டு வந்ததற்குக் கொடுத்துவிட்டது. ஹோஸ்ட்ஸ் கோப்புக்கும் அது தெரியாது. பெயரைக் கேட்டால் 20 என்றது. 20-ஐத் தட்டினால் பிரிண்டர் பதில் சொன்னது. எதிலும் எந்தத் தப்பும் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 9

அந்த வரியை அழிக்கத் திறந்தேன். அழிக்கவில்லை. முன்னால் ஒரு # போட்டால் கமென்ட் ஆகிவிடும், மெஷின் கண்டுகொள்ளாது, வரி மட்டும் இருக்கும் என்று போட்டும் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

மார்ச் 10

இணையம் வந்துவிட்டது. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

மார்ச் 11

தூக்கம் வரவில்லை. இணையமே ஒரு காலத்தில் ஒற்றை ஹோஸ்ட்ஸ் கோப்பில்தான் இருந்தது என்று அண்ணன்தான் முதலில் சொன்னான். இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் காலம். கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்பவரின் குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. புது மெஷின் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் ஒரு வரி சேர்ப்பார்கள், மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். மெஷின்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அதன் பிறகும் அந்தக் கோப்பு வழக்கொழிந்துவிடவில்லை. சின்னதாகி, ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டது. வரிசையில் முதல் இடமும் பெரும்பாலும் அதற்குத்தான்.

இதைச் சொன்ன அன்று அவன் இந்த லேப்டாப்பை வாங்கி, அவனே அந்த வரியைத் தட்டினான். # போட்டு 'அண்ணன் மெஷின்' என்று எழுதியதும் அவன்தான். நான் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

மார்ச் 12

லோக்கல்ஹோஸ்ட் தகராறு. மெஷின் தன்னையே கூப்பிடும் பெயர் அது, அதற்கு இரண்டு முகவரி. ஒரு புரோகிராம் 127.0.0.1-ல் மட்டும் காத்திருக்கிறது, அதைக் கூப்பிடும் புரோகிராம் ::1-ல் போய்க் கேட்கிறது. அரை நாள் போனது. நல்லது.

மார்ச் 14

லோக்கல் என்று முடிகிற பெயர்களுக்குக் கோப்பும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். அந்த வழிக்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு குரல், போர்ட் 5353. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். அந்தப் பெயர் யாருடையதோ அந்த மெஷினே பதில் சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் அமைதிதான். பிரிண்டர் குயிலுக்காகப் பதில் சொல்லாது.

ஒழுங்காக ஷட்டவுன் செய்தால் போகிற மெஷின் சொல்லிவிட்டுப் போகும். தன் பதிவின் ஆயுளை (இங்கே டிடிஎல் என்பது அதுதான்) 0 என்று போட்டு எல்லாருக்கும் அனுப்பும், அதற்குக் குட்பை பாக்கெட் என்றே பெயர். கரண்டைப் பிடுங்கினால் அது கிடையாது. மற்ற மெஷின்கள் அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வழக்கமான கணக்குப்படி 120 விநாடி.

பழைய வீட்டில் கடைசி நாள் குயிலின் பிளக்கைப் பிடுங்கியது நான். வண்டிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

மார்ச் 15

அம்மா கேட்டாள், "அவன் கம்ப்யூட்டர் எந்தப் பெட்டியில இருக்கு?"

மார்ச் 16

அம்மாவே டேப்பைக் கிழித்தாள். அடாப்டர் வேறு பெட்டியில், ஒரு துண்டில் சுற்றி இருந்தது. கேபிளை ரவுட்டரில் சொருகினேன். ஆன் செய்வதற்கு முன்னால் வலைப் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை லேப்டாப்பில் ஓடவிட்டு 5353-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஃபேன் சத்தம். நீல விளக்கு. ஒரு நிமிடம் போல ஒன்றும் வரவில்லை.

அப்புறம் வந்தது. பெயரை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் மெஷின் மூன்று முறை கேட்கும், 250 மில்லி விநாடி இடைவெளியில். குயில்.லோக்கல், இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா. மறுபடி. மறுபடி. யாரும் பதில் சொல்லவில்லை. நான்காவது வரியில் அதுவே சொன்னது: குயில்.லோக்கல், 192.168.1.37.

"என்னப்பா சொல்லுது?" என்றாள் அம்மா.

மார்ச் 17

பேக்கப் இரவு இரண்டு மணிக்கு 20-ஐத்தான் தேடிப் போயிருக்கிறது. கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.